எலுமிச்சம்பழம் வைத்த மிஷின்

என் கண்ணு சேகருக்கு,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. ஒரு வரி எழுத ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகிறது, ஆனாலும் வரி என்னுடையது. உன் பெயரை மட்டும் மூன்று தடவை அழித்து எழுதினேன். ‘சே’ எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, வாயோ ‘ச’வைத்தான் முதலில் சொல்கிறது. ஏன் அப்படி என்று மேரியைக் கேட்டேன். "எனக்கும் தெரியாது தாத்தா, நீங்க எழுதுங்க" என்றாள்.

"உனக்குப் படிப்பு வந்துச்சின்னா நான் மீசைய எடுத்துர்றேன் நைனா" என்று டீக்கடையில் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? மீசையோடேயே போய்விட்டாய். எட்டு மாதம் ஆகிறது. நீ மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் உன்னை சலூன் நாற்காலியில் உட்கார வைத்திருப்பேன்.

நீ போன பிறகுதான் வகுப்பில் சேர்ந்தேன். எங்களை ஆற்றங்கரையிலிருந்து கொண்டுபோய் வைத்தார்களே, அந்தப் பெரும்பாக்கம் குடியிருப்பில், கீழ்த்தளத்தில், வேலை முடிந்து வந்தவர்களுக்கு ஆறு மணிக்கு வகுப்பு. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற மேரி சொல்லித் தருகிறாள். "யாருக்காவது ஒரு லெட்டர் எழுதிக்கினு வாங்க, ஞாயித்துக்கிழம எல்லார் முன்னாடியும் படிக்கணும்" என்று போன வாரம் சொன்னாள். ஒருத்தர் துபாயில் இருக்கிற மகனுக்கு எழுதுகிறார். பக்கத்து பிளாக் அம்மா, லிஃப்ட் ஓடவில்லை என்று கலெக்டருக்கு எழுதுகிறாள். நான் உனக்கு எழுதுகிறேன். ஆகையால் இதை எல்லோரும் கேட்பார்கள். கேட்கட்டும்.

படிப்பதில் இருக்கிற சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? காலையில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். திருவான்மியூர் வருவதற்குள் வாய் வலித்துவிடும், அத்தனை பலகைகள். வாசலில் அரிசி மாவு அரைத்துத் தரப்படும் என்று எழுதியிருப்பதைப் படித்தால்கூட, எனக்கென்று யாரோ சொன்னது போல இருக்கிறது. லஸ் பக்கம் ஒரு நீளச் சுவர், நீயும் நானும் டீ குடித்துவிட்டு ஒதுங்குவோமே, அதில் இத்தனை வருஷமாக என்ன எழுதியிருந்தது தெரியுமா? இங்கே ஒதுங்குகிறவனைப் பற்றி மிகவும் மோசமாக எழுதியிருக்கிறது சேகரு. உனக்குப் படிக்கத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நின்றாய்.

அந்தச் சுவரின் முன்னால் நின்று தனியாகச் சிரித்தேன். சிரித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இந்த வாரம் இன்னொன்றைப் படித்தேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு செய்தி. கோபப்படாதே. நம் ரத்த வங்கியில் உன்னைப் பேய் என்கிறார்கள்.

நீ போன அடுத்த மாதம் கம்ப்யூட்டர்களில் புது புரோகிராம் போட்டார்கள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற உன் இடத்துக்குக் கவிதா மேடம் வந்தாள். நல்ல பெண். ஒரு சின்ன மகளும் ஒரு பெரிய லேப்டாப்பும் உண்டு. அவள் வந்த சில நாளிலேயே அது ஆரம்பித்தது. பகல் வேளையில் எல்லா மிஷினும் அப்படியே நின்றுவிடும். எதை அமுக்கினாலும் அசையாது. கவிதா ஏதோ செய்வாள், மறுபடி ஓடும். ஆனால் ஓட ஆரம்பித்ததும் தேவகியம்மாவின் அறையிலிருந்து ஒரு கூச்சல் வரும்.

"ஐயோ, மறுபடியும் போயிடுத்தே! இத்தனை நாழி உக்காந்துண்டு அடிச்சதெல்லாம் காணோமே!"

தேவகியம்மாவை இதைக் கேட்கிறவர்களுக்குத் தெரியாது. நோயாளியின் ரத்தமும் பையில் இருக்கிற ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற கிராஸ் மேட்ச் அறை அவளுடையது. அவள் பார்த்து, முடிவை மிஷினில் ஏற்றினால்தான் பை வெளியே போகும். ஏற்றினது அழிந்து போனால் திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் யாரோ ஒருவருக்கு இருக்காது.

எல்லா மிஷினும் ஓடுகிறது, அவளுடையது மட்டும் ஒவ்வொரு தடவையும் தின்றுவிடுகிறது. ஏன்? ஒருத்தருக்கும் விளங்கவில்லை. கூட்டுகிற செல்விதான் முதலில் சொன்னாள். "சேகர் சாரு எந்நேரமும் அந்த ரூம்லதான நின்னுக்கினு இருப்பாரு? போவ மன்சு வரல அவருக்கு." மறுநாள் அந்த மிஷின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. தேவகியம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பழம் மாறும்.

நான் நம்பினேனா? பாதி நம்பினேன். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அந்த அறையில் யாரும் இல்லை. பக்கத்தில் போய், "சேகரு, விட்டுருப்பா, ஜனங்க பாவம்" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, திரை தானாக இருண்டுவிட்டது. நான் வராந்தாவுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் திரை அணைந்துவிடும் என்று கவிதா பிறகு சொன்னாள். ஆனாலும் அன்றைக்கு வேர்த்தது வேர்த்ததுதான்.

உனக்கு நினைவிருக்கும், நான் முதலில் இங்கே கேட்டில்தான் இருந்தேன். வருகிறவர்கள் பெயர், எங்கிருந்து வருகிறார்கள், யாரைப் பார்க்க, எத்தனை மணிக்கு என்று எழுதுகிற நோட்டு என்னிடம் இருக்கும். அவர்கள் எழுதுவார்கள், நான் வாங்கிப் பார்த்து, சரி என்று தலையாட்டுவேன். ஒரு நாள் நீ உன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, நோட்டை என் கையிலிருந்து வாங்கி, திருப்பிக் கொடுத்தாய். நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன். "வா நைனா, டீ சாப்டலாம்" என்றாய். அன்றிலிருந்துதான் நைனா.

பிறகு என்னை உள்ளே அட்டெண்டர் வேலைக்கு எடுக்க வைத்தது நீ. படிவத்தில் எட்டாவது பாஸ் என்று நீயே எழுதினாய். நான் கையெழுத்து மாதிரி ஒரு கோடு இழுத்தேன். அந்த ரகசியம் நம் இரண்டு பேருக்கு மட்டும்.

சர்வர் என்றால் என்ன என்று நீ எனக்குச் சொன்னதும் அந்த நோட்டை வைத்துத்தான். "அதுவும் கேட்டுல குந்திக்கினு கீற வாட்ச்மேன்தான் நைனா. எல்லா மிஷினும் இது கிட்ட வந்துதான் உள்ள போவணும். எந்த மிஷின்லேர்ந்து வந்தாங்க, எந்த புரோகிராம், எத்தினி மணிக்கு வந்தாங்க, உள்ள போயி இன்னா பண்றாங்க, எல்லாம் இதுல ஒரு லிஸ்டா நிக்கும். ஒருத்தன் உள்ள போயி கதவ சாத்திக்கினான்னு வெச்சிக்கோ, மத்தவன்லாம் வெளியவே நிப்பான். அப்ப லிஸ்ட்டப் பாத்து, யாரு அவன்னு கண்டுபுடிக்கணும். கண்டுபுடிச்சி மெதுவா கதவத் தட்டணும். ஒடைக்கக் கூடாது."

தட்ட வேண்டும், உடைக்கக் கூடாது. உன் வேலையே அதுதானே.

அதற்காகத்தான் ஒவ்வொரு மிஷினுக்கும் பேர் வைத்தாய். நம்பர் போட்டால் போனில் மாற்றிச் சொல்கிறார்கள் என்று ஊர்ப்பேராக வைத்தாய். முன் கவுண்டர் கே.கே. நகர். ரத்தம் கொடுக்க வருகிறவர்களைப் பதிகிற மிஷின் மந்தைவெளி. இப்படி ஒன்பது. "அடையாறு தொங்குது", "மாம்பலம் எழுந்திருச்சிடுச்சி" என்று நீ போனில் பேசுவதைக் கேட்டு, புதிதாக வந்தவர்கள் வெள்ளமோ என்று பயப்படுவார்கள்.

பேர்களை அச்சடித்து ஒரு தாளில் ஸ்டிக்கராக என்னிடம் கொடுத்தாய். "வாசல்லேர்ந்து வரிசையா ஒட்டிக்கினே போ நைனா. தாள்ல கீற வரிசதான் ரூம் வரிச." எனக்கும் அதுதான் வசதி. எழுத்து எதற்கு, வரிசை போதுமே. ஒட்டி முடித்ததும் இரண்டாவது தாளையும் கொடுத்தாய். பின்பக்கத்து சுவிட்சு போர்டுக்கு. அதையும் ஒட்டினேன். இந்த இரண்டாவது தாளை மறந்துவிடாதே. நான் திரும்ப அதற்கு வருவேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பகல் பதினொரு மணி இருக்கும். பெஞ்சில் ஒரு ஆள் மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நர்சிங் ஹோமில் அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து, ரத்தம் நிற்கவில்லை. தேவகியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எல்லா மிஷினும் நின்றது.

இன்டர்காம் அடித்தது. கவிதா. "ஐயா, திருவான்மியூர்தான் எல்லாரையும் புடிச்சு வெச்சிருக்கு. இந்தப் புது புரோகிராம் எல்லா மிஷின்லேர்ந்தும் ஒரே பேரத்தான் சொல்லுது, எது எந்த வேலைன்னே தெரியல. மிஷின் பேர் ஒண்ணுதான் இருக்கு. திருவான்மியூர்ல யாராவது உக்காந்து வேலை பாக்கறாங்களான்னு பாருங்களேன். யாரும் இல்லன்னா நான் அந்த கனெக்‌ஷன கட் பண்ணிடறேன்."

வேறு நாளென்றால் இப்படிப் பார்த்துச் சொல்வதற்குக் கவுண்டரிலிருந்து யாராவது போவார்கள். அன்றைக்கு என்னைக் கேட்டாள். எனக்கு இப்போது படிக்கத் தெரியும் அல்லவா? காற்றில் போவது போலப் போனேன் சேகரு. ஒவ்வொரு அறையாகப் பெயரைப் படித்தேன். அ-டை-யா-று. இல்லை. மா-ம்-ப-ல-ம். இல்லை. தேவகியம்மா வேலையில் இருந்தாள், அவள் அறையை மட்டும் தாண்டிப் போனேன். கடைசியில் ரிப்போர்ட் அச்சடிக்கிற அறை, சாயங்காலம்தான் அங்கே ஆள் வரும். தி-ரு-வா-ன்-மி-யூ-ர்! அகப்பட்டது. நாற்காலி காலி. மின்விசிறிகூட ஓடவில்லை.

அங்கேயே இருந்த இன்டர்காமை எடுத்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "திருவான்மியூர்ல ஒருத்தரும் இல்லம்மா. நானே படிச்சிப் பாத்தேன். வெட்டிவுடு."

வெட்டினாள். எல்லா மிஷினும் ஓடியது. நான் சந்தோஷமாக வராந்தாவில் திரும்பி வருகிறேன், தேவகியம்மாவின் குரல்.

"போச்சு! போச்சு! ராஜவேலு, அந்தப் பொண்ணோட ரிசல்ட் போச்சு!"

ஓடினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் இருந்த ஆளுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை, ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்தது. ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். "எவ்ளோ நேரம்மா ஆவும்?" என்று கேட்டார்.

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்த மிஷினைப் பார்த்தேன். எலுமிச்சம்பழம். பழத்துக்குக் கீழே ஸ்டிக்கர். கண் இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் தானே படிக்கிறது, நிறுத்த முடிவதில்லை. ந-ங்-க-ந-ல்-லூ-ர்.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு உன் குரல் காதில் கேட்டது. நாம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சர்வரிலிருந்து உன் போனுக்குச் செய்தி வரும். "திருவான்மியூரா? அது நம்ம தேவகிம்மாதான், நான் போயி பாக்குறேன்" என்று பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடுவாய். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! "இருக்கிறதுலயே முக்கியமான மிஷினு, அதான் என் ஊருப் பேர வெச்சிட்டேன்" என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

அப்படியானால் தேவகியம்மாவின் மிஷின்தான் திருவான்மியூர். அதன் மேல் நங்கநல்லூர் என்று ஒட்டியது யார்?

எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நான் ஒட்டிக்கொண்டே போனபோது கிராஸ் மேட்ச் அறை பூட்டியிருந்தது. கிருமி மருந்து அடித்திருந்தார்கள். சரி, வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று அடுத்த அறைக்குப் போனேன். தாளில் அடுத்து இருந்த சீட்டை உரித்து அங்கே ஒட்டினேன். அறையைத் தாண்டினேன், சீட்டைத் தாண்டவில்லை. அறை திறந்ததும் மீதியிருந்த கடைசிச் சீட்டை அங்கே ஒட்டினேன். தாள் காலியானது. ஒரு சீட்டும் மிச்சமில்லை, எல்லாம் சரியாக ஒட்டிவிட்டேன் என்று உன்னிடம் வந்து தாளைத் தட்டிக் காட்டினேன்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சர்வர் சரியான பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரைத் தேடிப் போகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு வெட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். வெட்டினது, தேவகியம்மா வேலையில் இருக்கும்போதே அவள் கையை. ஏழு மாதமாக. செவ்வாய்க்கிழமை அதைச் சொன்னது என் வாய்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆனால் அந்த மறுநாளும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, வயசாகிவிட்டது. ஆனால் ஆறு மாதமாக, எப்போதோ எட்டாவது படித்தவன் போல எல்லோரிடமும் படித்துக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது போய், இத்தனை வருஷம் படிக்கத் தெரியாமல் உங்கள் நடுவில் நடித்தேன் என்று எப்படிச் சொல்வேன்? புதன்கிழமை முழுவதும் எதையும் படிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். மிஷின் நிற்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை நின்றது.

பெஞ்சில் ஒரு அம்மா. மகனுக்கு வண்டியில் அடிபட்டு ஆபரேஷன். தேவகியம்மாவின் அறையில் கருவி சுற்றுகிற சத்தம் கேட்டது. இன்டர்காம் அடித்தது.

"ஐயா, திரும்பவும் திருவான்மியூர்தான். ஆள் இல்லன்னா சொல்லுங்க."

இன்டர்காமைக் காதில் வைத்தபடி தேவகியம்மாவின் கதவைப் பார்த்தேன்.

"ஐயா? பாத்தீங்களா? கட் பண்ணிடவா?"

"வெட்டாதம்மா!" என்று கத்திவிட்டேன். பெஞ்சில் இருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "வெட்டாத! அது அங்க இல்ல!"

"எது எங்க இல்ல?"

"திருவான்மியூரு அந்த ரூம்ல இல்லம்மா. தேவகியம்மா கைல கீது."

"லேபிள் பாத்துதான் சொல்றீங்களா ஐயா?"

"லேபிளு ஒட்னதே நான்தாம்மா. அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது. மாத்தி ஒட்டிட்டேன்."

வைத்துவிட்டாள் போல என்று நினைத்தேன். பார்த்தால் லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் ஓடி வருகிறாள்.

என் சொல்லை நம்பி அவள் எதையும் செய்யவில்லை, அது எனக்குப் பிடித்தது. லேப்டாப்பை என் கையில் கொடுத்தாள். அதில் அந்த லிஸ்ட் இருந்தது. "இப்போ இந்த மிஷின்லேர்ந்து புதுசா ஒரு கனெக்‌ஷன் உள்ள விடறேன். லிஸ்ட்ல கடைசியா எந்தப் பேர் வந்து நிக்குதுன்னு பாப்போம்" என்றாள். தேவகியம்மாவின் மிஷினில் ஏதோ தட்டினாள். லிஸ்டில் கீழே ஒரு வரி புதிதாக முளைத்தது. இங்கிலீஷ் எனக்கு இன்னும் வரவில்லை. கவிதா எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தாள். "திருவான்மியூர்."

பிறகு மெதுவாக, "கடவுளே, எத்தன தடவ வெட்டியிருக்கேன்" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றது எது தெரியுமா? ஒரு சின்னப் பெட்டி. சேமிக்கவா, ஆம், இல்லை என்று கேட்கிற பெட்டி. இன்னொரு ஜன்னலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதற்குப் பதில் சொல்லும் வரை சர்வர் மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

"கைல கிளவுஸ் இருந்துது" என்றாள் தேவகியம்மா. "ரத்தம் பட்ட கையோட மவுஸத் தொடப்படாதுன்னு விட்டுட்டேன். இங்க வேலைய முடிச்சுண்டு, கை அலம்பிண்டு வந்து அமுக்குவேன். எப்பவும் அப்படித்தானே செய்யறேன்? சேகர் இருந்தா வந்து, ‘தேவகிம்மா, அந்தப் பெட்டி’ம்பார். நான் கழட்டிட்டு அமுக்குவேன்."

கழற்றிவிட்டு அமுக்கினாள். ஒரே ஒரு அமுக்கு. எல்லா அறையிலிருந்தும் "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்று குரல். அந்த அம்மாவின் பை பத்து நிமிஷத்தில் போனது.

தேவகியம்மா எலுமிச்சம்பழத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "மன்னிச்சுக்கோங்கோ சேகர்" என்றாள், கூரையைப் பார்த்து. பேய்ப் பட்டம் உனக்கு இனிமேல் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் அழுதுவிட்டேன்.

ஆனால் கவிதா ஒன்று கேட்டாள். "தினமும் இந்த ரூமுக்கு வர்றவரு. அவரே வெச்ச பேரு. தப்பா ஒட்டியிருக்குன்னு சேகர் சாருக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?"

அதைத்தான் நானும் உன்னைக் கேட்கிறேன். தெரியாமலா இருந்தது?

உரித்து மாற்றி ஒட்ட எத்தனை நேரம் ஆகும்? ஏன் செய்யவில்லை? ஒரு தடவை மேனேஜர் ஸ்டிக்கரெல்லாம் அழுக்காக இருக்கிறது, புதிதாக ஒட்டு என்றபோது, "இருக்கட்டும் சார், எனக்கு எல்லாம் மனப்பாடம்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்காகவா? ராஜவேலு எப்படித் தப்பாக ஒட்டினான் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்றா? அப்படி என்றால் சேகரு, நீ என் மானத்தைக் காப்பாற்றி, அதை உன் மனப்பாடத்துக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டு, சாவியோடு போய்விட்டாய். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியாது. உன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்த உடனேயே உன் டீ டம்ளர் ஞாபகம் வருகிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் மேனேஜர் கூப்பிட்டார். முன்னால் என் பழைய படிவம்.

"எட்டாவது பாஸ்னு இருக்கே ராஜவேலு. யார் எழுதினது இது?"

"எழுத்து சேகரோடது சார். பொய் என்னோடது."

அவர் படிவத்தை மூடினார். திங்கட்கிழமை பேசுவோம் என்றார். அது போகட்டும், திங்கட்கிழமையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு நாளைக்குத்தான் பயம்.

நாளை சனிக்கிழமை ரத்த வங்கித் தெருவில் பராமரிப்பு வேலை. காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் எல்லாவற்றையும் தாங்காது. வேண்டாததையெல்லாம் அணைத்துவிட்டு, ரத்தப் பைகள் இருக்கிற இரண்டு பெரிய ஃபிரிட்ஜை மட்டும் அதில் விட வேண்டும். முன்பெல்லாம் அதை நீயே செய்வாய், மனப்பாடத்தில். நாளைக்கு வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வருகிறார். அவர் சுவிட்சு மேல் இருக்கிற சீட்டைப் பார்த்துத்தான் செய்வார்.

இரண்டாவது தாள், சேகரு. அதை நான் எப்படி ஒட்டினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பாதி ஒட்டும்போது மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தேன். எங்கே விட்டேன், எங்கே தொடங்கினேன்?

மேனேஜரிடம் சொன்னேன். "சார், சுவிட்சு போர்டுல கீறதும் நான் ஒட்னதுதான் சார்."

"எலக்ட்ரீஷியன் பாத்துக்குவார். ஃபிரிட்ஜ் நின்னா அலாரம் அடிக்கும், பயப்படாதே" என்றார். போன் வந்தது, எடுத்துக்கொண்டார்.

அலாரத்தின் சுவிட்சுக்கும் சீட்டு ஒட்டியது நான்தான்.

பின்பக்கத்து அறை பூட்டியிருக்கிறது. கதவு இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைச் சீட்டுகள் வரிசையாகத் தெரிகின்றன. எழுத்து தெரியவில்லை. சாவி மேனேஜரிடம். அவர் ஒன்பது மணிக்கு வருவார், எலக்ட்ரீஷியனும் ஒன்பது மணிக்கு வருவார். கவிதாவிடம் மட்டும் சொன்னேன். "படிச்சா மட்டும் பத்தாது ஐயா. சீட்டுல எழுதியிருக்கறது உண்மையான்னு பாக்கணும். ஒவ்வொண்ணா அணைச்சுப் பாப்போம். எது நிக்குதோ அதுதான் அது. எட்டு மணிக்கே வந்துடறேன், சாருக்கும் போன் பண்றேன்" என்றாள். மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருகிறாளாம். நீ இருந்தால் உனக்கு அவளைப் பிடித்திருக்கும். அவளும் தட்டிப் பார்க்கிறவளாக ஆகிவிட்டாள்.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை மேரியின் வகுப்பில் படிக்க வேண்டும். அன்றைக்குள் எல்லாம் தெரிந்திருக்கும். படிக்கும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியாது.

உனக்கு நான் சொல்கிற வாக்கு இதுதான். நாளைக்கு முதல் பஸ்ஸில் வருவேன். வழியில் எந்தப் பலகையையும் படிக்க மாட்டேன், கண்ணைச் சேமித்து வைத்துக்கொள்வேன். அந்தக் கதவு திறந்ததும் யார் கையும் போர்டில் படுவதற்கு முன்னால் என் கை அதன் மேல் இருக்கும். ஒன்றொன்றாகப் படிப்பேன், ஒன்றொன்றாக அணைத்துப் பார்க்க வைப்பேன். தப்பாக இருப்பதை உரித்துவிட்டு, அச்சு வேண்டாம், என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டுவேன். கீழே என் பெயரையும் போடுவேன், நாளைக்கு யாராவது யார் ஒட்டினது என்று கேட்டால் தேட வேண்டியிருக்கக் கூடாது. அது முடிந்ததும் இந்தக் கட்டடத்தில் நான் இத்தனை வருஷமாக ஒட்டின ஒவ்வொரு சீட்டையும் தேடிப் படிப்பேன். எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

தலைகீழாகப் பிடித்த நோட்டைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு,
இப்போது நேராகப் பிடித்திருக்கிற
உன் நைனா,
ராஜவேலு